தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியாதீர்கள்

கருவேப்பிலங்குறிச்சி, விருத்தாசலம் வட்டாரத்தில் அம்பாசடர், பியட், ஹெரால்டு கார்களை வைத்திருப்போருக்கும், அவற்றைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒரு திறந்த மடல்



நம் வட்டாரத்தில் ஓடும் பழைய கார்களில் தெர்மோஸ்டாட் கூண்டைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருப்பதில்லை. "வண்டி ஹீட் ஆகுது" என்று பட்டறைக்கு வந்த ஏதோ ஒரு கோடையில் அதை எடுத்திருப்பார்கள். பிறகு யாரும் திரும்பப் போட்டிருக்க மாட்டார்கள். ஹெட்டின் பின்பக்கம், ஹீட்டருக்குப் போகும் வழியில் ஒரு துண்டு ஹோஸை மாட்டி, அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்துக் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள். கீழ் ஹோஸைக் கட்டுக்கம்பி தாங்கிக்கொண்டிருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் துரு நிறத்தில் போர் தண்ணீர் தெரியும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊருக்கு இதுதான் ஏற்ற ஏற்பாடு என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றிவிட்டது. அந்த நம்பிக்கை தவறு என்று சொல்லவே இந்த மடல். தெர்மோஸ்டாட்டை எடுப்பது, போர் தண்ணீரை ஊற்றுவது, ஹோஸையும் மூடியையும் ஒட்டுப்போட்டு ஓட்டுவது ஆகிய மூன்று பழக்கங்களும் நம் வண்டிகளை வெயிலிலிருந்து காப்பாற்றவில்லை. வண்டிகள் ஹீட் ஆவதற்கும், ஹெட் விரிசல் விடுவதற்கும், இன்ஜின் சீக்கிரம் தேய்வதற்கும் அவையே முக்கியமான காரணங்கள்.

இதை இப்போது பேச வேண்டிய அவசரம் உண்டு. மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து பிறந்த அம்பாசடர், 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. பிரீமியர் பத்மினியாகப் பெயர் மாறிய பியட் 1100, மும்பை குர்லா தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதன் உற்பத்தி 2000-ஐ ஒட்டி முடிந்துபோனது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் உருவாக்கிய ஹெரால்டு 1961-இல் வந்து, 1971-இல் நின்றது. ஒரு காலத்தில் ஹெட் விரிசல் விட்டால் புது ஹெட் வாங்கிப் போட்டுவிட்டு மறுநாளே ஓட்டலாம். இன்று அந்த வார்ப்புகளைப் புதிதாக ஊற்றித் தருவதற்கு அந்தத் தொழிற்சாலைகள் இல்லை. இன்னொரு பக்கம், 50 ஆண்டைத் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளைத் தொன்மை வாகனம் என்று தனியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. 1970-களில் வாங்கிய கார்கள் ஒவ்வொன்றாக அந்த வயதை எட்டுகின்றன. அவற்றின் சொந்த இன்ஜினைக் காப்பது இப்போது நம் கையில்தான் இருக்கிறது.

முதலில் அமைப்பின் கணக்கைப் பார்ப்போம். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. மீதியில் ஒரு பெரிய பங்கு சைலன்சர் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. மொத்த ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாகவும் ஹெட் வழியாகவும் தண்ணீரில் இறங்குகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயு ஒரு கணத்துக்கு 2000 டிகிரியையும் தாண்டும். அதைச் சுற்றியுள்ள தண்ணீரோ 80, 90 டிகிரியில் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்ய ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. ஃபேன் பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் அடியிலிருந்து கீழ் ஹோஸ் வழியாக நீரை இழுத்து பிளாக்குக்குள் தள்ளுகிறது. நீர் ஹெட்டுக்கு ஏறி, தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, மேல் ஹோஸ் வழியே ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கும்போது ஆறுகிறது. ஹீட்டர் உள்ள வண்டியில் ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு கிளை பிரிந்து, ஹீட்டரைச் சுற்றி, பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்புகிறது. இதில் எந்த உறுப்பும் தனியாக இயங்குவதில்லை. ஒன்றை எடுத்துவிட்டால் அதன் சுமை மற்ற உறுப்புகளின் மேல் விழும்.

இந்தச் சுற்றில் அதிகம் பழி சுமந்த உறுப்பு தெர்மோஸ்டாட். பித்தளைச் சட்டத்துக்குள் ஒரு சிறு கிண்ணம், அதற்குள் மெழுகு. நீர் சூடாகும்போது மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கிறது. ஆறும்போது சுருங்கி ஸ்பிரிங் வால்வை மூடுகிறது. 82 டிகிரி என்று குறித்திருந்தால் அந்த வெப்பத்தில் திறக்கத் தொடங்கி, இன்னும் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறந்துவிடும். "அதெல்லாம் பனி கொட்டும் சீமைக்கு; நம் ஊருக்கு எதற்கு?" என்பதுதான் முதல் ஆட்சேபம். இதற்குப் பதில் இன்ஜினைச் செய்தவர்களின் கையேட்டிலேயே இருக்கிறது. நம் அம்பாசடரில் நெடுங்காலம் இருந்தது பிரிட்டிஷ் கார் நிறுவனமான பி.எம்.சி.யின் 1489 சி.சி. பி-சீரிஸ் இன்ஜின். பிரிட்டனின் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் அதே குடும்பத்து இன்ஜின்தான். அதற்கு நிறுவனம் மூன்று தெர்மோஸ்டாட்டுகளைக் குறித்தது: வழக்கமான பயன்பாட்டுக்கு 82 டிகிரி, குளிர்நாட்டுக்கு 88, வெப்பநாட்டுக்கு 74. வெப்பநாட்டையும் மனதில் வைத்துத்தான் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். அங்கே குறைந்த வெப்பத்தில் திறக்கும் வால்வைப் போடச் சொன்னார்கள்; வால்வே இல்லாமல் ஓட்டச் சொல்லவில்லை.

"எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும், வண்டி குளிர்ச்சியாக இருக்கும்" என்பது அடுத்த வாதம். கொஞ்சம் நின்று யோசியுங்கள். வண்டி கொதிக்கும் வெப்பத்தில் நல்ல தெர்மோஸ்டாட் ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கிறது. திறந்த வால்வையும் மீறி ஹீட் ஏறுகிறது என்றால், கோளாறு ரேடியேட்டரிலோ, பம்ப்பிலோ, ஃபேனிலோ, இக்னிஷன் டைமிங்கிலோ இருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் மாட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அது குற்றவாளி. அப்போதும் வழி புதியது போடுவதுதான். தெர்மோஸ்டாட்டுக்கு ஆதரவாகச் சிலர் ஒரு தவறான காரணமும் சொல்வதுண்டு: அது இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது என்பார்கள். அது சரியல்ல, நீர் வேகமாக ஓடுவதால் வெப்பம் வெளியேறுவது குறையாது. உண்மையான காரணங்கள் வேறு. வால்வு தரும் சிறு தடையால் பிளாக்குக்குள் நீரின் அழுத்தம் கூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிய சூடான இடங்களில் நீர் ஆங்காங்கே கொதித்து ஆவியாவதை அந்த அழுத்தம் அடக்குகிறது. பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டே மூடும் வகை இன்ஜின்களில், அதை எடுத்துவிட்டால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்குவழியில் பம்ப்புக்குத் திரும்பும். அதே பி.எம்.சி.யின் மினி காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்தவர்கள் தெர்மோஸ்டாட்டை எடுத்தபோதும், அந்த இடத்தைக் காலியாக விடவில்லை. துளையைச் சுருக்கும் உலோக வளையம் ஒன்றை அங்கே வைத்தார்கள்.

குளிர்ந்த இன்ஜின் நல்ல இன்ஜின் என்ற எண்ணமும் கைவிட வேண்டியதே. மார்கழிக் காலையில் ஜெயங்கொண்டம் சாலையில் சீராக ஓடும் காரில் தெர்மோஸ்டாட் இல்லையென்றால், நீரின் வெப்பம் 60 டிகிரிக்கு ஏறவே திணறும். அந்த நிலையில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் துளிகளாகச் சிலிண்டர் சுவரில் படிந்து, ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது. எரிவதால் உண்டாகும் நீராவி குளிர்ந்த சுவரில் வியர்த்து, அமிலத்தோடு சேர்ந்து அரிக்கிறது. ஆயிலில் கலந்து சேறாகிறது. 1930-களில் பிரிட்டனின் ஆட்டோமொபைல் இன்ஜினியர்கள் கழகத்துக்காக சி. ஜி. வில்லியம்ஸ் நடத்திய சிலிண்டர் தேய்மான ஆய்வுகள், சுவரின் வெப்பம் குறைந்தால் இந்த அரிப்பே தேய்மானத்துக்கு முக்கியக் காரணமாகிறது என்று காட்டின. நீலப்புகை வந்து, ரிங் மாற்றி, ரீபோர் செய்யும் செலவில் ஒரு பங்கு இப்படித்தான் சேர்கிறது. தெர்மோஸ்டாட் நல்லதா, கெட்டதா என்று அறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்து அடுப்பை மூட்டுங்கள். விளிம்பில் பொறித்த வெப்பத்தை ஒட்டி வால்வு மெல்ல விலகுவதும், இறக்கி வைத்து ஆறவிட்டால் திரும்ப மூடுவதும் கண்ணுக்குத் தெரியும். மாட்டும்போது மெழுகுக் கிண்ணம் இன்ஜின் பக்கம் இருக்கட்டும். தட்டில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேலே வரும்படி வையுங்கள். காற்று வெளியேறும் வழி அதுதான்.

அடுத்தது தண்ணீர். நம் வட்டாரத்துப் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை உப்பே சொல்லிவிடும். அதே படிவு ஹெட்டுக்குள், எக்ஸாஸ்ட் வால்வுக்கு அருகில், எங்கே வெப்பம் மிக அதிகமோ அங்கேதான் முதலில் கெட்டியாகிறது. வெப்பத்தைக் கடத்தும் திறனில் அந்தப் படிவு வார்ப்பிரும்பில் சுமார் இருபதில் ஒரு பங்குதான். ஒரு மில்லிமீட்டர் உப்புப் படிந்தால், அந்த இடத்தில் இரும்புச் சுவர் 2 சென்டிமீட்டர் தடித்ததற்குச் சமம். மீட்டரில் தண்ணீரின் வெப்பம் சரியாகக் காட்டும். உள்ளே உலோகம் வெந்துகொண்டிருக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்பும் துருவும் சேர்ந்தால் அடைப்பு. பியட் காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. அந்த இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். உப்புநீரில் இத்தனை உலோகங்கள் ஒன்றாக நின்றால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அதில் முதலில் கரைவது அலுமினியம். ஹெட்டின் நீர்வழி ஓரங்கள் குழி விழுந்து, கேஸ்கட் உட்கார இடமில்லாமல் போவது இதனால்தான்.

"கூலன்ட் பனி உறையாமல் இருக்கத்தானே? நமக்குப் பனியே இல்லையே" என்பது நியாயமான கேள்வி. வெப்பத்தைச் சுமக்கும் திறனில் வெறும் தண்ணீரே சிறந்தது என்பதும் உண்மை. கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்கால் கலந்தால் அந்தத் திறன் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் கூலன்ட்டில் நமக்கு வேண்டியது துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்துகள். அவை பம்ப்பின் சீலையும் காக்கின்றன. கிளைக்கால் கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது. ஆகவே நம் ஊருக்குப் பாதிக்குப் பாதி கலக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உறைநிலையைப் பற்றிக் கவலைப்படாமல், டப்பாவில் குறித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல், கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்தால் போதும். ஈயம் வைத்து ஒட்டிய பழைய பித்தளை ரேடியேட்டருக்குப் பழைய முறை மருந்து கலந்த கூலன்ட்டே ஏற்றது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று விற்கப்படும் புதுவகைக் கரிம அமிலக் கூலன்ட்டுகள் பழைய ஈய ஒட்டுகளுக்கும் சீல்களுக்கும் ஒத்துவராமல் போகலாம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம். டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். பழைய வகை மருந்து இரண்டு ஆண்டில் தீர்ந்துவிடும் என்பதால், அந்தக் கெடுவுக்குள் மாற்றிவிட வேண்டும்.

"எங்கள் அப்பா காலத்தில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றித்தானே லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார்கள்" என்று பலரும் சொல்வார்கள். ஓட்டினார்கள் என்பது உண்மை. குறைந்த அழுத்தத்தில் இயங்கும், தடித்த இரும்பு வார்ப்பால் ஆன அந்த இன்ஜின்கள் நிறையத் தாங்கின என்பதும் உண்மை. ஆனால் அதே காலத்தில் ரேடியேட்டரைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுக் குத்தி எடுப்பதும், ஹெட்டை இறக்கிக் கேஸ்கட் மாற்றுவதும், இன்ஜினைப் பிரித்துச் செய்வதும் பட்டறைகளின் அன்றாட வேலையாக இருந்தன என்பதையும் சேர்த்து நினைவுகூர வேண்டும். அந்தச் செலவை வண்டி வைத்திருப்பதன் இயல்பான செலவாக எடுத்துக்கொண்டார்கள். ஸ்பேர் கடையில் பாகம் இருந்தது, டாக்சியாக ஓடிய வண்டி செலவை ஈட்டிக் கொடுத்தது. இன்று நம் கையில் இருப்பது அந்தப் புது இன்ஜின் அல்ல. பல பத்தாண்டுகளின் உப்பையும் துருவையும் உள்ளே சுமக்கும் இன்ஜின். அன்று தாங்கியதை இன்றும் தாங்கும் என்று எதிர்பார்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

ஹீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். விருத்தாசலத்தில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்களின் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. பல வண்டிகளில் அது பொருத்தப்படவே இல்லை. அங்கே ஹெட்டின் பின்பக்க வழியைக் கேஸ்கட் வைத்த ஒரு தகடு மூடியிருக்கும். அது சரியான ஏற்பாடு, அப்படியே விடுங்கள். சிக்கல், ஹீட்டர் இருந்து பிடுங்கப்பட்ட வண்டிகளில்தான். போல்ட் திணித்த துண்டு ஹோஸில் நீர் ஓடாமல் தேங்கிக் கிடக்கும். முழு அழுத்தமும் அந்த முட்டுச்சந்தின் மேல் நிற்கும். ரப்பர் உப்பி, ஒருநாள் போல்ட்டைத் துப்பிவிட்டு நீரையெல்லாம் கொட்டிவிடும். இரண்டு முனைகளையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடுவதும் முழுத் தீர்வு அல்ல. அப்போது சுடுநீரில் ஒரு பங்கு எந்நேரமும் ரேடியேட்டரைத் தொடாமல் பம்ப்புக்கே திரும்புகிறது. ஹீட்டர் வேண்டாம் என்று முடிவு செய்தால் ஹெட் பக்கம் சரியான தகடு, திரும்பும் பக்கம் சரியான மூடி என்று இரண்டையும் முறையாக அடையுங்கள். ஆனால் சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை நீர் சுற்றுவதற்கு ஹீட்டர் கிளையே வழி. அங்கே அதை அடைக்கக் கூடாது. எந்த இன்ஜின் எந்த வகை என்று கையேட்டைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ஹீட்டரை முறையாக வைத்துக்கொள்வதில் பலனும் உண்டு. மழைக்காலத்தில் முன்கண்ணாடியில் படியும் மூட்டத்தை அது போக்கும். ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ போகும்போது குளிருக்கு உதவும். மலையேற்றத்தில் வண்டி ஹீட் ஏறத் தொடங்கினால், ஹீட்டரைத் திறந்து அதன் ஃபேனை முழுதாக ஓடவிட்டால் அது இரண்டாவது ரேடியேட்டராகி, இறங்கும் இடம் வரை இன்ஜினைக் காக்கும். இதற்கு நிபந்தனை, பைப் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். பி.எம்.சி. வண்டிகளின் ஹீட்டர் ஹோஸ் பெரும்பாலும் அரை அங்குல உள்விட்டம் கொண்டது. அதே அளவில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் ஹோஸும் கிடைக்கிறது என்பதால் அதை மாட்டிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் 80 டிகிரியிலேயே இளகிவிடும். நூலிழை பின்னிய ரப்பர் ஹீட்டர் ஹோஸையே வாங்குங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கி, மடிப்பு விழாமல் கொண்டுபோங்கள்; உள் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லையென்றால் தகட்டின் விளிம்பு ஹோஸை அறுத்துவிடும். ராக்கர் கவரை ஒட்டித் திரும்பும் இரும்புக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும் என்பதால் அதையும் கழற்றிப் பாருங்கள்.

ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே கெட்டிருக்கலாம். ரப்பர் உள்பக்கமிருந்துதான் அதிகம் விரிசல் விடுகிறது. அதுவும் கிளிப்புக்கு அருகில், முனையிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்துக்குள். இன்ஜின் ஆறிய பிறகு அந்த இடத்தை இரண்டு விரலால் அழுத்துங்கள். நடுப்பகுதி விறைப்பாக இருந்து முனை மட்டும் சொதசொதவென்று அமுங்கினாலோ, உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டாலோ, அந்த ஹோஸ் முடிந்துவிட்டது. கீழ் ஹோஸுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டிய வண்டிகளில் அது துருப்பிடித்துக் கரைந்திருக்கும். புது ஹோஸ் மாட்டுபவர்கள் அதைத் தூக்கி எறிந்திருப்பார்கள். வேகமாக ஓட்டும்போது பம்ப்பின் உறிஞ்சலில் அந்த ஹோஸ் சப்பி, நீர் நின்றுவிடும். டவுனில் ஹீட் ஆகாமல் நெடுஞ்சாலையில் மட்டும் ஹீட் ஆகும் வண்டியில் முதலில் இதையும் ரேடியேட்டர் அடைப்பையும் பாருங்கள். கட்டுக்கம்பி ரப்பரை அறுக்கும். கிழித்துச் சுற்றிய சைக்கிள் ட்யூப் ஊர் வந்து சேரும் வரைக்குமான உதவி மட்டுமே.

ரேடியேட்டர் மூடியையும் வெறும் மூடியாக நினைத்துவிடுகிறோம். அது ஒரு அழுத்த வால்வு. 7 பி.எஸ்.ஐ. மூடி சரியாக வேலை செய்தால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாகச் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்த மூடியோடு ஓட்டுபவர் அந்த 11 டிகிரிப் பாதுகாப்பை இழக்கிறார். மே மாதத்தில் வண்டி சாலையோரம் நிற்பதற்கும் வீடு வந்து சேர்வதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அதற்காக 15 பி.எஸ்.ஐ. மூடியைப் போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈய ஒட்டு பிளக்கும். குறித்த அளவையே போடுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால், மூடியின் நடுவில் உள்ள சிறு வெற்றிட வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த வண்டிகளில் பலவற்றுக்கும் உபரி நீர் போய்த் திரும்பும் டப்பா கிடையாது. தண்ணீர் சூடாகும்போது நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு விரியும்; எட்டு லிட்டர் கொள்ளும் அமைப்பில் அது கால் லிட்டரைத் தொடும். கழுத்துவரை நிரப்பினால் அந்தக் கால் லிட்டரை வண்டி வெளியே துப்பத்தான் செய்யும். அதைப் பார்த்து வண்டி கொதிக்கிறது என்று பயந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றியவர்களும் உண்டு.

செராமிக் தொழில் செய்யும் விருத்தாசலத்தில் ஒன்றை விளக்க வேண்டியதே இல்லை. சூளை ஆறும் முன் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் சரக்கு விரிசல் விடும் என்பது தொழிற்பேட்டையில் வேலை செய்பவர் அனைவருக்கும் தெரியும். வார்ப்பிரும்பு ஹெட்டும் அப்படித்தான். கொதித்து நின்ற இன்ஜினில் குடத்துத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றுவது, வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசலை வரவழைக்கும் வேலை. அரை மணியாவது ஆறட்டும். பிறகு இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஹீட்டர் வால்வு இருந்தால் திறந்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூடான மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அந்த ஆவி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் எல்லாம் தீரும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது மட்டும் ஹீட் ஆகிறது, மற்ற பாகங்கள் எல்லாம் சரி என்றால் அது உதவலாம். ஆனால் பழைய அம்பாசடரிலும் ஹெரால்டிலும் ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோதான். மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தராது. அந்த நேரத்தில்தான் ஃபேன் ஓட வேண்டும். பேட்டரி காலியாகும். தளர்ந்த ஃபேன் பெல்ட், பின்னோக்கிப் போன டைமிங், தேய்ந்த பம்ப் இறகு, பூச்சியும் சேறும் அடைத்த ரேடியேட்டர் வலை ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகே புதிதாக எதையும் பொருத்த வேண்டும்.

ஸ்பேர் கிடைக்காது, செலவு அதிகம் என்பது கடைசி ஆட்சேபம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் அது பொருந்தும். இந்தச் சிறு பாகங்களுக்குப் பொருந்தாது. பி-சீரிஸ் இன்ஜினின் தெர்மோஸ்டாட் சுமார் 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள, பல கார்களுக்கும் பொதுவான அளவு. அளந்து சொன்னால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ தேடலாம். பத்துப் பேர் சேர்ந்து வரவழைத்தால் இன்னும் எளிது. தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ்கள், கிளிப்புகள், கூலன்ட் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு ஹெட் கேஸ்கட் வேலையின் செலவுக்கு முன் சிறியதே.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வண்டிக்காரர்களே, சித்திரை பிறக்கும் முன் நீரை முழுதாக இறக்கி, அமைப்பைக் கழுவி, இந்தப் பாகங்களை ஒரே முறையில் மாற்றுங்கள். இறக்கிய கூலன்ட்டைத் தெருவிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள்; அதன் இனிப்புக்கு ஆடும் மாடும் நாயும் நக்கிக் குடிக்கும், கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் மூடிய கேனில் வையுங்கள். ரேடியேட்டர் பட்டறைக்காரர்களே, அடைத்த குழாய்களை மடித்து மூடித் தராதீர்கள். அடைப்பை எடுங்கள், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். மெக்கானிக் தோழர்களே, இந்த வட்டாரத்தில் பழைய வண்டிகள் இன்னும் ஓடுவது உங்கள் கைத்திறனால்தான். வண்டிக்காரர் கேட்டாலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அனுப்பாதீர்கள். ஹீட் ஏறுவதற்கான காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள், அதற்கு உரிய கூலியைத் தயங்காமல் கேளுங்கள். கொடுப்பதற்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அன்புடன்,
பழைய கார்களின் நலம் நாடும் ஒருவன்